பிரிண்டர் மொழியில் அளவு அலகு: கேள்வி பதில்

கேள்வி: பிசிஎல் (பக்கத்தில் எதை எங்கே அச்சிடுவது என்று பிரிண்டருக்குச் சொல்லும் மொழி) ஃபைலைப் படித்துப் பக்கமாக வரையும் இன்டர்பிரட்டர் எழுதுகிறேன். ஒரே ஒரு ஃபைலில் மட்டும் எழுத்தெல்லாம் இரண்டு மடங்கு தூரம் தள்ளி விழுகிறது.

பதில்: ஃபைலின் தொடக்கத்தில் "எஸ்கேப் & யு 600 டி (D)" என்ற கட்டளை இருக்கிறதா பாருங்கள். இனி அங்குலத்துக்கு 600 யூனிட் என்று அர்த்தம். அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் வழக்கமான 300-லேயே கணக்குப் போடுவீர்கள். அப்புறம் "எஸ்கேப் * பி 600 எக்ஸ்" வரும்போது ஓர் அங்குலத்தில் நிற்க வேண்டிய கர்சர் (அடுத்து அச்சிடும் இடம்) இரண்டுக்கு ஓடிவிடும்.

இன்னொன்று. அலகு மாறினால் இனி வரும் எண்களுக்குத்தான் மாறுகிறது. ஏற்கெனவே நிற்கும் கர்சரைத் தொடாதீர்கள். எண் வந்த கையோடு உள் அலகுக்கு (உங்கள் நிரல் தனக்குள் வைத்திருக்கும் ஒரே அலகு) மாற்றிச் சேமியுங்கள்.

கேள்வி: ரீசெட் கட்டளை வந்தால் அலகு?

பதில்: 300.

கேள்வி: உள் அலகுக்கு ஃப்ளோட் (தசம எண்) போதாதா?

பதில்: வேண்டாம், முழு எண். டெசிபாயிண்ட் 1/720 அங்குலம், எழுத்து நகர்வு 1/120, வரி நகர்வு 1/48. அங்குலத்துக்கு 7200 என்று வைத்தால் எல்லாம் மீதியின்றி வகுபடும். ஃப்ளோட்டில் கூட்டிக்கொண்டே போனால் ஒரே கோட்டின் இரண்டு துண்டுகள் ஒரு புள்ளி விலகி நிற்கும். அதைத் தேடி நான் இழந்த ராத்திரிகள் போதும்.

கேள்வி: கோட்டுப் படம் வரையும் மொழியான எச்பிஜிஎல்/2-இல் பிளாட்டர் யூனிட் (அதன் அளவு அலகு) 1/1016 அங்குலம். 7200 அதற்கு வகுபடாதே?

பதில்: வகுபடாது. அதைத் தனியாக வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன்.

கேள்வி: தப்பிக்க விடமாட்டேன். அங்குலத்துக்கு 914400 என்று வைத்தால்?

பதில்: பேப்பரில் போட்டுப் பார்த்தேன். பிளாட்டர் யூனிட் 900, டெசிபாயிண்ட் 1270, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) பிரிண்டரின் ஒரு புள்ளி 3048, மில்லிமீட்டர் 36000. ஒன்றிலும் மீதி இல்லை! 32 பிட்டிலேயே 2300 அங்குலத்துக்கு மேல் இடம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் கோப்புகளில் படங்களை அளப்பதும் இதே அலகில்தான். சரி, 7200-ஐ விட்டுவிடுகிறேன்.

கேள்வி: லேபிள் பிரிண்டருக்கான இசட்பிஎல் மொழியில் அலகைச் சொல்லும் ^எம்யு கட்டளை?

பதில்: டி (D) என்றால் புள்ளி, ஐ (I) அங்குலம், எம் (M) மில்லிமீட்டர். ஒருமுறை கொடுத்தால் அடுத்தடுத்த ஃபீல்டுக்கும் தொடரும். மில்லிமீட்டருக்கு 8 புள்ளி உள்ள பிரிண்டரில் 12.5 என்பது 100 புள்ளி. 203 டிபிஐ என்று எழுதியிருப்பதை நம்பிப் பெருக்காதீர்கள். அது 203.2; 100 மி.மீ. லேபிளில் ஏறக்குறைய ஒரு புள்ளி குறையும்.

கேள்வி: பிசிஎல்லில் யூனிட்டை 600 ஆக்கினால் படத்தின் ரெசல்யூஷனும் கூடுமா?

பதில்: கூடாது. அது "எஸ்கேப் * டி (t) ... ஆர்" கட்டளையின் வேலை.

கேள்வி: யூனிட்டை மாற்றியதும் பழைய கர்சர் இடம் மாறிவிடுகிறதே?

பதில்: முதல் பதில், இரண்டாம் பத்தி.

கேள்வி: மார்ஜினும் அப்படித்தானா?

பதில்: அதே பத்தி.