கிட்ஹப்பில் எஸ்எஸ்ஹெச் கீ சேர்த்தும் சர்வரில் க்ளோன் ஆகவில்லை. சக ஊழியர் தன் பிரைவேட் கீயைத் தருகிறேன் என்கிறார், வாங்கலாமா?

வாங்க வேண்டாம். பிரைவேட் கீ என்பது வந்திருப்பது அவர்தான் என்று கிட்ஹப்பிடம் நிரூபிக்கும் ரகசியக் கோப்பு. அவர் நல்ல மனதோடுதான் தருகிறார் என்று நம்புகிறேன். எனக்குத் தந்தவரும் நல்லவர்தான்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், கீ வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனைக் கட்டளை கொடுக்கும்போது கிட்ஹப் (நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளம்) உங்கள் பெயர் சொல்லி வரவேற்கிறது. க்ளோன் செய்தால் (நிரல் தொகுப்பைப் பிரதியெடுத்து இறக்கினால்) மட்டும் 'பெர்மிஷன் டினைடு, பப்ளிக் கீ' என்று நின்றுவிடுகிறது. வேலைக்குப் புதிது, திரும்பத் திரும்பக் கேட்கக் கூச்சமாகவும் இருக்கும் என்று நினைக்கிறேன். சில வருடங்களுக்கு முன் நானும் இதே இடத்தில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன்.

முதல் நாள் முழுக்க கீயைத்தான் சந்தேகப்பட்டேன். பழையதை அழித்துவிட்டு எட்25519 வகையில் புதிதாக உருவாக்கினேன். கோப்பின் அனுமதியை 600 (உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும் முடியும்) ஆக்கினேன். க்ளோன் முகவரியில் அட் குறிக்கு முன்னால் என் பெயர் வந்துவிட்டதா என்று பார்த்தேன். (அங்கே எல்லோருக்கும் பயனர் பெயர் 'கிட்' தான். வந்திருப்பது யார் என்பதை கீயை வைத்தே கண்டுபிடிப்பார்கள்.) எல்லாம் சரியாகவே இருந்தது, க்ளோன் மட்டும் ஆகவில்லை.

மறுநாள் மாலை குழுவில் மூத்தவர் ஒருவர் வந்தார். சர்வரில் ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு) பயனரின் எஸ்எஸ்ஹெச் ஃபோல்டருக்குள் தன் பிரைவேட் கீயைப் போட்டார். ஒரே நிமிடத்தில் க்ளோன் ஆகிவிட்டது. அப்பாடா என்று இருந்ததில், எப்படி ஆனது என்று நான் கேட்கவே இல்லை.

எட்டு மாதம் கழித்து அவர் வேலையை விட்டுப் போனார். முறைப்படி அவருடைய அனுமதிகளை நீக்கினார்கள். அன்று இரவே அந்த சர்வரில் 'புல்' (புதிய மாற்றங்களை இறக்குவது) நின்றுபோனது, மறுநாள் காலை போக வேண்டிய திருத்தம் போகவில்லை. அப்போதுதான் உட்கார்ந்து, சோதனைக் கட்டளையையே முன்னால் சூடோ (ரூட்டாக ஓட்டச் சொல்வது) போட்டு, விரிவாகப் பேச வைக்கும் '-வி'யும் சேர்த்து ஓட்டினேன். தேடிய கீ கோப்புகளை வரிசையாகக் காட்டியது. அத்தனையும் ரூட்டின் ஃபோல்டரில். என் கீ இருந்த ஃபோல்டரின் பெயர் ஒரு வரியில்கூட இல்லை.

விஷயம் அவ்வளவுதான். க்ளோன் செய்ய வேண்டிய ஃபோல்டர் ரூட்டுக்குச் சொந்தம். எழுத அனுமதி இல்லை என்று வந்ததால் க்ளோனுக்கு முன்னால் சூடோ போட்டிருந்தேன். சூடோ போட்டால் கட்டளையை ஓட்டுவது ரூட், எஸ்எஸ்ஹெச் தேடுவதும் ரூட்டின் கீயைத்தான். சோதனையை மட்டும் சூடோ இல்லாமல் செய்ததால் அது என்னை அடையாளம் கண்டது. ஃபோல்டரின் உரிமையாளராக என் பெயரைப் போட்டு, சூடோ இல்லாமல் க்ளோன் செய்திருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும்.

'சின்னக் குழுதானே, நம்பிக்கையானவர்கள்தானே, ஒரே கீ இருந்தால் என்ன' என்று இங்கேயும் யாராவது கேட்பார்கள். நம்பிக்கையைப் பற்றி நான் பேசவில்லை. அந்த எட்டு மாதமும், சர்வரில் ரூட் அனுமதி இருந்த எவரும் அவர் தொடக்கூடிய எல்லா ரெப்போக்களிலும் (நிரல் தொகுப்புகளிலும்) அவர் பெயரில் புஷ் செய்திருக்க, அதாவது மாற்றங்களை ஏற்றியிருக்க முடியும். தவறு நடந்திருந்தால் பழி அவர் மேல் விழுந்திருக்கும். சர்வருக்கு என்று தனியாக ஒரு கீ உருவாக்கி, அதை கிட்ஹப்பில் தேவையான ரெப்போவில் டெப்ளாய் கீயாகச் சேர்ப்பதுதான் முறை. அந்த ஒரு ரெப்போவை மட்டும்தான் அது தொடும், நாமாக அனுமதி கொடுத்தால் தவிர எழுதவும் முடியாது.

இதை எழுதும்போது இன்னொன்றும் நினைவுக்கு வந்து வலிக்கிறது. அந்தத் தடங்கலைப் பற்றிய அறிக்கையில் காரணம் என்று என் பெயரைப் போட்டார்கள், நான் அமைத்த சர்வர் என்பதால். காரணத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று அதில் ஒரு வரி இல்லை. முதல் வாரத்தில் சேர்ந்தவனுக்கு அரை மணி நேரம் ஒதுக்கிச் சொல்லித்தர ஆள் இல்லை, அறிக்கை எழுத மட்டும் நான்கு பேர் கூடினார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சக ஊழியர் ஏற்கெனவே கீயை அனுப்பிவிட்டார் என்றால், உங்கள் பக்கம் அழித்தால் மட்டும் போதாது. அவர் கணக்கிலிருந்தே அதை நீக்கிவிட்டுப் புதிது போடச் சொல்லுங்கள். சூடோ இல்லாமலும் இதே பிழை வந்தால், '-வி' காட்டும் வரிகளில் 'ஆஃபரிங் பப்ளிக் கீ' என்று வருபவற்றை மட்டும் கேள்வியில் சேருங்கள், பார்த்துச் சொல்கிறேன்.