லாங் ஆர்ம் மாட்டப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: ஸ்பிரிங் மாற்றி வண்டியை 4 அங்குலம் தூக்கியிருக்கிறேன். லாங் ஆர்ம் கட்டாயமா அண்ணே?

பதில்: ஆக்சிலைச் சேஸிஸோடு பிடித்திருக்கும் கம்பிதான் ஆர்ம்; அதில் நீளமானது லாங் ஆர்ம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 அங்குல ஆர்ம், தூக்கும் முன் மட்டமாக இருந்ததாக வைத்துக்கொள்வோம். 4 அங்குலம் தூக்கினால் 14.5 டிகிரி சரிந்து, ஆக்சிலை அரை அங்குலம் இழுத்துவிடும். சக்கரம் இன்னும் 4 அங்குலம் தொங்கினால் மேலும் 1.6 அங்குலம் இழுக்கும். அதுவே 32 அங்குல ஆர்ம் என்றால் சரிவு 7 டிகிரிதான், தொங்கும்போது இழுப்பது முக்கால் அங்குலம். சரிவு கூடக்கூட, கல்லில் மோதும் அடி ஸ்பிரிங்குக்குப் போகாமல் ஆர்ம் வழியே சேஸிஸில் இறங்கும். முதுகு வலிக்கிறது என்று ஷாக்கை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் கவனிக்க. 3 அங்குலம் வரை தேவையே இல்லை. 4 அங்குலம் தூக்கி, பெரும்பாலும் தார்ச்சாலையில்தான் ஓட்டுவேன் என்றால் நீளம் மாற்றக்கூடிய குட்டை ஆர்ம் போதும். அதற்கு மேலே போனால் லாங் ஆர்ம்தான்.

கேள்வி: சேஸிஸில் பிராக்கெட்டை வெல்டிங் செய்யும்போது என்ன கவனிக்கணும்?

பதில்: பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். எர்த் கிளாம்பை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள். சேஸிஸ் ஓரமாக ஓடும் பெட்ரோல் பைப், பிரேக் பைப் இரண்டையும் விலக்கிவிட்டுத்தான் பொறி பறக்கணும். பெயின்ட்டையும் துருவையும் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை கிரைண்டரில் எடுங்கள்.

முதலில் டாக் (சின்னப் புள்ளி வெல்டிங்) மட்டும் அடியுங்கள். இரண்டு பக்கமும் பிராக்கெட் ஓட்டையிலிருந்து ஆக்சில் ஓட்டைவரை அளந்து, பிறகு குறுக்காகவும் அளந்து பாருங்கள். 1.5 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டாக்கை உடைத்துவிட்டு மறுபடி வையுங்கள். முழு வெல்டிங்கில் பிராக்கெட்டின் இரண்டு காதுகளும் சூட்டில் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆர்ம் முனையில் இருக்கும் ஜாயின்ட்டின் அகலத்துக்கே வெட்டிய குழாயை நடுவில் வைத்து போல்ட் போட்டுவிட்டு வெல்டிங் செய்தால் இழுக்காது. ஜாயின்ட்டையே வைத்துச் செய்தால் உள்ளே இருக்கும் ரப்பர் கருகும். ஒரே இழுப்பில் ஓட்டாமல் 3, 4 சென்டிமீட்டராக இடம் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். சேஸிஸுக்குக் குறுக்காக மேலிருந்து கீழே நேர்க்கோடு போடவே கூடாது. விரிசல் அங்கேதான் தொடங்கும்.

இன்னொன்று: எல்லா ஆர்மையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள், ஆக்சில் உருண்டுவிடும். ஜாக்கை நம்பி அடியில் படுக்கவும் வேண்டாம். ஸ்டாண்டு வைத்துவிட்டுப் படுங்கள்.

கேள்வி: காஸ்டர் எவ்வளவு வைக்கலாம்?

பதில்: காஸ்டர் என்பது சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம். 5 முதல் 7 டிகிரி வைக்கலாம். ஆனால் முன் ஆக்சிலில் காஸ்டரைக் கூட்டினால் பினியன் மூக்கு (ஆக்சிலில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சேரும் முனை) தாழும், ஷாஃப்ட் அதிரும். இரண்டுக்கும் நடுவில் ஒத்துப்போகணும். மேல் ஆர்மில் அங்குலத்துக்கு 12 மரை, ஆக்சிலில் மேல் கீழ் ஆர்ம்களுக்கு நடுவே 9 அங்குலம் என்றால், ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய அரை டிகிரி மாறும். மரை, அதன் விட்டத்தின் அளவாவது உள்ளே இருக்கணும். லாக் நட்டை மறக்காதீர்கள்.

கேள்வி: மாட்டியதிலிருந்து 70 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் பயங்கரமாக ஆடுது. டேம்பர் (ஸ்டியரிங் ஆட்டத்தை அடக்கும் ஷாக்) மாற்றட்டுமா?

பதில்: வேண்டாம். ஒருவரை ஸ்டியரிங்கை இடம் வலமாக ஆட்டச் சொல்லிவிட்டு, டிராக் பார் (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) போல்ட்டில் விரல் வைத்துப் பாருங்கள். போல்ட் ஓட்டைக்குள் நகர்ந்தால், ஓட்டை நீள்வட்டமாகிவிட்டது; ஆட்டம் அங்கிருந்துதான்.

கேள்வி: எனக்கும் ஸ்டியரிங் ஆட்டம். டேம்பர் இரண்டு போட்டால்?

பதில்: இதற்கு முந்தைய பதிலைப் படியுங்கள்.

கேள்வி: 37 அங்குல டயருக்கு எந்த கியர் ரேஷியோ?

பதில்: அது தனிப் பேச்சு. கியர் ஆட்களைக் கேளுங்கள்.

கேள்வி: முன்னால் ரேடியஸ் ஆர்மா, 3-லிங்க்கா?

பதில்: 3-லிங்க், அதாவது கீழே இரண்டு, மேலே ஒன்று என மூன்று ஆர்ம். ரேடியஸ் ஆர்ம் என்றால் பக்கத்துக்கு ஒரே ஆர்ம்; ஒவ்வொன்றும் ஆக்சிலை இரண்டு போல்ட்டில் பிடித்துக்கொள்ளும். ஒரு சக்கரம் ஏறி மறு சக்கரம் இறங்கும்போது ஆக்சில் குழாயையே முறுக்கும். அந்த முறுக்கலைத் தாங்குவது போல்ட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் புஷ்தான், கிழிவதும் அதுதான்.

மறுப்பு: சார், ரேடியஸ் ஆர்மில் சக்கரம் தொங்கும்போது பினியன் மேலே திரும்பும், ஷாஃப்ட்டின் யூ ஜாயின்ட் தப்பிக்கும். அதைச் சொல்லவில்லையே?

பதில்: உண்மைதான். கூடவே காஸ்டரும் குறையும் என்பதை நீங்கள் சொல்லவில்லை.

மறுப்பு: 3-லிங்க்கில் மேலே ஒரே ஆர்ம். அது போனால்?

பதில்: பிரேக் அடித்ததும் ஆக்சில் முன்னால் உருளும். நியாயமான பயம்தான். பிரேக்கின் முறுக்கு முழுக்க அந்த ஒற்றை ஆர்மை இழுக்கிறது. அதனால்தான் ஆக்சிலில் மேல் கீழ் ஆர்ம்களுக்கு நடுவே டயர் உயரத்தில் கால் பங்கு இடைவெளி வேண்டும் என்கிறேன்: 35 அங்குல டயருக்கு 9 அங்குலம். 5 அங்குலம்தான் கிடைக்கிறது என்றால் விசை ஏறக்குறைய இரட்டிப்பாகும். அப்போது 3-லிங்க் வேண்டாம், ரேடியஸே போடுங்கள். இதில் நீங்கள் ஜெயித்தீர்கள்.

கேள்வி: பிரேக் ஹோஸ் நீளம் போதுமா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஆக்சிலை முழுக்கத் தொங்கவிடுங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, ஹோஸ் இழுபடுகிறதா என்று பாருங்கள். பிறகு பம்ப் ஸ்டாப் (ஆக்சில் ஏறுவதைக் கடைசியில் தடுக்கும் கட்டை) தொடும்வரை ஜாக்கில் ஏற்றி, ஆயில் பேனும் டிராக் பாரும் உரசுகின்றனவா என்று பாருங்கள்.

கேள்வி: ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை, ரப்பர் புஷ் கிழிந்துவிட்டது. மட்டமான சரக்கா?

பதில்: போல்ட்டை எப்போது முறுக்கினீர்கள்?

கேள்வி: ஸ்டாண்டில் இருக்கும்போதே, டார்க் ரெஞ்ச் வைத்துத்தான்.

பதில்: சரக்கைக் குறை சொல்லாதீர்கள். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுகியபடியே ஓடும். புதுப் புஷ் போட்டு, போல்ட்டைக் கையிறுக்கமாக விட்டு, வண்டியை டயரில் இறக்கி, நாலு தடவை அமுக்கி ஆட்டிவிட்டு அப்புறம் முறுக்குங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை ரெஞ்ச் வைத்துப் பாருங்கள்.