ஈப்பர்: நகல் ஊரா?

வணக்கம் சார்,

பெல்ஜியம் போகிறேன் என்று எழுதியபோது, ப்ரூஜோடு நிறுத்திவிடாதீர்கள், ஈப்பருக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள் என்று பதில் போட்டிருந்தீர்கள். போய்விட்டு வந்தேன். ப்ரூஜ் பிரமாதம். கால்வாய், அன்னம், கல்பாலம் என்று ஒவ்வொரு சந்திலும் ஐந்நூறு வருடம் பின்னால் போன மாதிரி இருந்தது. ஈப்பரில் அந்தத் துணி மண்டபத்தை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஒரு கைடு தன் கூட்டத்திடம், இது 1967இல் கட்டி முடித்தது என்று சொல்வது காதில் விழுந்தது. என் அக்கா பிறந்த வருடம்! சுற்றியிருக்கும் வீடுகள், தேவாலயம் எல்லாமே முதல் உலகப்போருக்குப் பிறகு எழும்பியவையாம். மதியமே ரயிலேறிவிட்டேன். நம் ஊரில் கோயில் தூணை மணல்வீச்சால் சுத்தம் செய்தால் கொதித்து எழுதுகிற நீங்கள், ஒரு நகல் ஊரைப் போய்ப் பார்க்கச் சொன்னது ஏன்? ப்ரூஜ் பாலத்தில் எடுத்த படம் ஒன்றை இணைத்திருக்கிறேன்.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

மதியமே கிளம்பிவிட்டீர்களா? எனக்கு அதுதான் வருத்தம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் படம். நீங்கள் நிற்பது மரியன்னை தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் போனிஃபேஸ் பாலம். ப்ரூஜுக்குப் போகிற எல்லோரும் அங்கே நின்று படம் எடுப்பார்கள், நானும் எடுத்தேன். பாசியும் வளைவும் பார்த்தால் மத்தியகாலம் என்றுதான் தோன்றும். ஆனால் அதைக் கட்டியது 1910 வாக்கில். சந்தைச் சதுக்கத்தில் மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் மத்தியகாலக் கோதிக் பாணியில் ஒரு மாளிகை பார்த்திருப்பீர்களே, அந்த மாகாண மாளிகையும் அப்படித்தான். 1878இல் அங்கிருந்த பழைய கட்டடம் எரிந்துபோன பிறகு எழுப்பியது. ப்ரூஜில் நிஜமாகவே பழசு நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த ஊர் தன்னை இன்னும் கொஞ்சம் பழசாக்கிக்கொண்டது. அதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை. ஈப்பரில் சொல்லிவிட்டார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

சரி, ஈப்பருக்கு வருவோம். ஃப்ளெமிஷ்காரர்களுக்கு ஈப்பர், பிரெஞ்சில் ஈப்ர். போருக்கு வந்த ஆங்கிலேயச் சிப்பாய்கள் வாயில் அது நுழையாமல் 'வைப்பர்ஸ்' ஆயிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ப்ரூஜ், கெண்ட் இரண்டுக்கும் ஈடாக நின்ற நெசவு ஊர் இது. இங்கிலாந்திலிருந்து கம்பளி வரும், இங்கே துணியாகிப் போகும். அந்த வியாபாரத்துக்கான கிடங்கும் சந்தையும்தான் துணி மண்டபம். நீளம் 120 மீட்டருக்கு மேல். அன்றைக்குப் படகுகள் மண்டபத்தின் ஓரம் வரைக்கும் வரும். அந்த ஆறு இப்போது தெருவுக்கு அடியில் ஓடுகிறது.

1914 நவம்பர் 22ஆம் தேதி ஜெர்மன் குண்டுவீச்சில் மண்டபம் தீப்பற்றியது. அதற்குப் பிறகு நான்கு வருடம், ஊரை மூன்று பக்கமும் வளைத்த மேடுகளிலிருந்து பீரங்கிகள் ஓயவில்லை. 1915இல் கடைசி ஊர்க்காரரையும் வெளியேற்றிவிட்டார்கள். போர் முடிந்தபோது, குதிரைமேல் உட்கார்ந்தால் ஊரின் இந்த முனையிலிருந்து அந்த முனை தெரியும் என்று சொல்வார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து நடந்ததுதான். 1919இல் சர்ச்சில், ஈப்பரின் இடிபாடுகள் முழுவதையும் பிரிட்டன் வாங்கி நினைவிடமாக அப்படியே விட்டுவிட வேண்டும் என்றார். பெல்ஜியத்திலேயே சில கட்டடக் கலைஞர்கள் மண்டபத்தையாவது இடிபாடாக வைப்போம் என்றார்கள். கேட்க உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊர்க்காரர்கள் அதற்குள் திரும்பி வந்துவிட்டார்கள். அரசர் ஆல்பர்ட் நிதியம் போட்டுக்கொடுத்த மரக்குடில்களில் குடியிருந்துகொண்டு, இடிபாடு பார்க்க வரும் பயணிகளுக்குக் காபியும் பீரும் விற்றார்கள். ஆமாம், சுற்றுலா அப்போதே தொடங்கிவிட்டது. தன் வீடு இருந்த இடம் அடுத்தவனுக்குக் காட்சிப்பொருளாக இருக்கட்டும் என்று எத்தனை பேர் ஒப்புக்கொள்வார்கள்? எங்கள் ஊர் எங்களுக்கு வேண்டும், இருந்த மாதிரியே வேண்டும் என்றார்கள். போருக்கு முன்பே மண்டபத்தின் சீரமைப்பில் ஈடுபட்டிருந்த கூமன்ஸ் என்ற நகரக் கட்டடக் கலைஞர் பொறுப்பேற்றார். 1930களில் மணிக்கூண்டு எழுந்தது. நடுவில் இன்னொரு உலகப்போர். அதையும் தாண்டித்தான் உங்கள் அக்கா பிறந்த வருடம் வந்தது.

மணல்வீச்சைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது இருக்கிற சிற்பத்தின் மூக்கைத் தேய்க்கிற வேலை. இங்கே தேய்ப்பதற்கு மூக்கே மிஞ்சவில்லை. மிஞ்சிய கொஞ்சம் பழைய கல்லை மண்டபத்தின் அடிப்பகுதியில் சேர்த்தே கட்டியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. புனித மார்ட்டின் தேவாலயத்துக்குப் பழைய கட்டடத்தில் இல்லாத கூர்கோபுரத்தைக் கட்டி, நூறு மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். எனக்கு அது உறுத்தல்தான்.

நீங்கள் பார்க்காமல் விட்டதற்கு வருகிறேன். சதுக்கத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் மெனின் வாசல், முதல் உலகப்போரில் இறந்த பிரிட்டிஷ் பேரரசுப் படை வீரர்களுக்கான நினைவு வாசல். 1927இல் திறந்தது. சடலம் கிடைக்காமலோ அடையாளம் தெரியாமலோ போன வீரர்களின் பெயர்கள் 54,000க்கு மேல் அதன் சுவர்களில் இருக்கின்றன. அவ்வளவு பெரிய வாசலிலும் இடம் போதாமல், 1917 ஆகஸ்ட் நடுவுக்குப் பிறகு காணாமல் போனவர்களில் ஏறத்தாழ 35,000 பேரின் பெயர்களைப் பக்கத்து டைன் காட் கல்லறையின் சுவரில் பொறித்தார்கள். மெனின் வாசலில் நானூறுக்கு மேல் இந்தியப் பெயர்கள் உண்டு. 1914 அக்டோபரிலேயே இந்தியப் படைகள் இங்கே வந்து இறங்கிவிட்டன. பிரிட்டனின் உச்ச வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்ற முதல் இந்தியச் சிப்பாய் குதாதாத் கான், ஊருக்குத் தெற்கே ஹாலபேக்கில் சண்டையிட்டவர்தான். அவர் பிழைத்துக்கொண்டார்.

ஒவ்வொரு நாளும் இரவு எட்டு மணிக்கு அந்த வாசலில் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, இறந்த வீரர்களுக்கு அஞ்சலியாக 'லாஸ்ட் போஸ்ட்' என்ற எக்காள இசையை ஊதுகிறார்கள். 1928இலிருந்து நடக்கிறது. ஊதுபவர்கள் ராணுவத்தினர் அல்ல, உள்ளூர் தீயணைப்புப் படை மரபில் வந்த தன்னார்வலர்கள். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது நான்கு வருடம் நின்றுபோனது. 1944 செப்டம்பர் 6ஆம் தேதி போலந்துப் படை ஊரை மீட்ட அன்று சாயங்காலமே மறுபடி ஊதினார்கள். நான் நின்ற நாளில் நல்ல மழை. குடையை மடக்கிவிட்டு ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக் கூட்டம் மூச்சுவிடாமல் நின்றதைப் பார்த்தேன்.

மணிக்கூண்டில் 231 படி. ஏறினால் போர்க்கள மேடுகள் முழுக்கத் தெரியும். அந்த உயரத்திலிருந்துதான் ஒரு காலத்தில் திருவிழாவன்று பூனைகளைத் தூக்கி எறிந்தார்கள். 1817 வரை உயிருள்ள பூனை. இப்போது மூன்று வருடத்துக்கு ஒருமுறை மே மாதம் துணி மண்டபத்திலிருந்து துணிப் பூனை விழுகிறது.

அடுத்த முறை அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அறையை ஈப்பரிலேயே போட்டுவிடுங்கள். எட்டு மணிக்கு வாசலில் இடம் கிடைக்க வேண்டுமென்றால் ஏழரைக்கே போய் நிற்க வேண்டும். அதற்குப் பிறகு ரயிலைத் துரத்த முடியாது.