பக்கை மட்டையில் ஏந்தி அடிக்கும் கோல் செல்லுமா?

கேள்வி: பெரியவர்களுக்கான பொழுதுபோக்கு லீக் ஒன்றில் ஐஸ் ஹாக்கி ஆடுகிறேன். வலைக்குப் பின்னால் நின்று பக்கை (பந்துக்குப் பதிலாக ஆடப்படும் ரப்பர் வட்டு) மட்டையின் பிளேடில், அதாவது அதன் தட்டையான அடிப்பகுதியில், ஏந்தி, கோலின் மேல் மூலையில் செருகும் வித்தையைப் பல மாதங்களாகப் பழகிவருகிறேன். சென்ற வாரம் அப்படி ஒரு கோல் அடித்தபோது, "இதெல்லாம் விதிக்குப் புறம்பு" என்று எதிரணியினர் வாதிட்டார்கள். என் அணியிலேயே சிலர் அது எதிரணியை அவமதிப்பது போன்றது என்கிறார்கள். ஆட்டம் சமநிலையில் இருக்கும்போது வீரர்கள் ஒவ்வொருவராகக் கோல்கீப்பரை மட்டும் எதிர்கொண்டு அடிக்கும் ஷூட்அவுட்டில், ஒரு முழுச் சுற்றுச் சுற்றி அடிக்கவும் எனக்கு ஆசை. இவற்றுக்கு அனுமதி உண்டா?

பதில்: முதல் வித்தைக்கு அனுமதி உண்டு, ஆனால் உயர வரம்பை மீறக் கூடாது. இரண்டாவதற்கு, நீங்கள் ஆடும் லீக், வட அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.லின் விதிகளைப் பின்பற்றுமானால், ஷூட்அவுட்டில் அனுமதி இல்லை. ஒரு கோல் பகட்டாக இருந்தது என்பதற்காக அதை மறுக்கும் விதி எதுவும் கிடையாது. பக்கை மட்டை எந்த உயரத்தில் தொட்டது, பக் எந்தத் திசையில் நகர்ந்தது, யார் மீதாவது மட்டை பட்டதா என்பவற்றையே நடுவர் பார்க்கிறார்.

நீங்கள் பழகும் வித்தையை 'மிச்சிகன்' என்றும் 'லாக்ரோஸ் கோல்' என்றும் சொல்வார்கள். 1996 மார்ச்சில் மின்னசோட்டாவுக்கு எதிரான கல்லூரிப் போட்டியில் மிச்சிகன் பல்கலைக்கழக வீரர் மைக் லெக் இதை அடித்த பிறகே அந்தப் பெயர் நிலைத்தது. அவருக்கு முன்பே பில் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற வீரர் இதைச் செய்திருந்தார், லெக் கற்றுக்கொண்டதும் அவரிடமிருந்துதான். ஆனாலும் என்.எச்.எல். ஆட்டமொன்றில் இப்படி ஒரு கோல் விழ 2019 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கரோலைனா அணியின் ஆந்த்ரே ஸ்வெச்னிகோவ் கால்கரிக்கு எதிராக அதை அடித்தார். பின்னர் ஃபிலிப் ஃபோர்ஸ்பெர்க், டிரெவர் ஸெக்ரஸ், கானர் பெடார்ட் ஆகியோரும் அடித்தார்கள், அந்தக் கோல்கள் எல்லாம் செல்லுபடியாயின. உங்கள் எதிரணியினருக்குச் சொல்ல இந்த முன்மாதிரிகளே போதும்.

உயர வரம்பைத்தான் நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் இங்கே ஒன்றல்ல, இரண்டு அளவுகள் உள்ளன. பொதுவான ஆட்டத்தில் தோளின் இயல்பான உயரத்துக்கு மேல் மட்டையால் பக்கைத் தட்டக் கூடாது. கோல் என்று வரும்போது வரம்பு இன்னும் கீழே இறங்குகிறது: மட்டை பக்கைத் தொடும் இடம் கோலின் குறுக்குக் கம்பிக்கு மேலே இருந்தால் அந்தக் கோல் செல்லாது. கம்பியின் உயரம் 4 அடி, அதாவது ஏறத்தாழ 1.22 மீட்டர், ஸ்கேட் அணிந்து நிற்கும் பெரியவர் ஒருவருக்கு அது தோளைவிட நன்றாகவே தாழ்ந்திருக்கும். மட்டையின் பிடியோ உங்கள் கையோ எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது இங்கே கணக்கில் வராது. லாக்ரோஸ் வித்தையைப் பெயர் சொல்லியே அனுமதிக்கும் வரிகள் என்.எச்.எல். விதிநூலில் பெனால்டி ஷாட் (எதிரணியின் தவறுக்காக, கோல்கீப்பரை மட்டும் எதிர்கொண்டு தனியாக அடிக்கக் கிடைக்கும் வாய்ப்பு) பற்றிய 24ஆம் விதியில் இருக்கின்றன. பக்கை எந்த நேரத்திலும் தோளுக்கு மேல் உயர்த்தக் கூடாது, அதை விடுவிக்கும்போது அது குறுக்குக் கம்பிக்கு மேல் இருக்கக் கூடாது என்பதே அது விதிக்கும் நிபந்தனை. ஆகவே பக்கை ஏந்தியபடி கம்பிக்குச் சற்று மேலே கொண்டுபோய், விடுவிப்பதற்குள் கீழே இறக்கிவிட்டால் தவறில்லை. ஆனால் நடுவரின் கண்ணுக்கு அந்த நுட்பம் எப்போதும் தெளிவாகத் தெரியாது என்பதாலும், சிறிய லீக்குகளில் மறுபரிசீலனைக்கு வீடியோ இருப்பதில்லை என்பதாலும், முழு அசைவையும் கம்பிக்குக் கீழேயே முடிக்கப் பழகுவது நல்லது.

பக் காற்றில் எவ்வளவு உயரம் பறந்தது என்பதும் கோலைத் தீர்மானிப்பதில்லை. 2021 டிசம்பரில் ஸெக்ரஸ் வலைக்குப் பின்னாலிருந்து பக்கை அள்ளி வலைக்கு மேலாகவே தூக்கிப் போட, மறுபுறம் நின்ற சோனி மிலானோ அதைக் காற்றிலேயே தட்டிக் கோலாக்கினார். பக் கம்பியைத் தாண்டிப் பறந்திருந்தாலும், மிலானோவின் மட்டை அதைத் தொட்ட இடம் வரம்புக்குள் இருந்ததால் கோல் நின்றது.

எனக்கு உண்மையில் கவலை தருவது பாதுகாப்புதான். இந்த வித்தையில் மட்டையின் பிளேடு கோல்கீப்பரின் முகக்கவசத்தை ஒட்டியே சுழல்கிறது. எதிராளியின் தோளுக்கு மேல் மட்டை பட்டால் 2 நிமிடம் ஆடாமல் வெளியே இருக்கும் தண்டனை, காயம் ஏற்பட்டால் 4 நிமிடம். ஷாட்டின் இயல்பான வீச்சில் தற்செயலாகப் படுவதற்கு விதி சலுகை தருகிறது என்றாலும், வலையின் ஓரத்தைச் சுற்றி முகத்தருகே வரும் வீச்சுக்கும் அந்தச் சலுகை கிடைக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். கோல்கீப்பர் தம் எல்லைக்குள் நகர முடியாதபடி உங்கள் மட்டை தடுத்தாலும் கோல் மறுக்கப்படலாம்.

முழுச் சுற்று விஷயத்துக்கு வருவோம். ஆட்டத்தின் ஓட்டத்தில் எத்தனை முறை சுற்றினாலும் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் பெனால்டி ஷாட்டிலும் ஷூட்அவுட்டிலும் 360 பாகைச் சுற்றை என்.எச்.எல். 2014-15 பருவத்திலிருந்து தடைசெய்துவிட்டது. அங்கே பக் எதிரணியின் கோல்கோட்டை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். உடல் முழுதாகத் திரும்பும்போது பக் நின்றதா, பின்னோக்கி வந்ததா என்ற வாதம் எளிதில் எழும் என்பதால் இந்தத் தடை நியாயமானது என்றே நான் கருதுகிறேன். சுற்றாமலே வியக்கவைக்கும் வழிகள் உள்ளன. 1994 லில்லஹாமர் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் கனடாவுக்கு எதிராக ஸ்வீடனின் பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் ஒரே கையால் மட்டையை நீட்டி அடித்த கோல் அந்நாட்டின் அஞ்சல் தலையிலேயே இடம்பெற்றது. 2005இல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் வீரர் மாரெக் மாலிக் ஷூட்அவுட்டின் 15ஆவது வாய்ப்புச் சுற்றில் கால்களுக்கிடையே மட்டையைச் செலுத்தி வெற்றி கோலை அடித்தார். இரண்டும் விதிக்கு உட்பட்டவையே. ஸ்கேட்டால் பக்கை உங்கள் மட்டைக்குத் தள்ளிக்கொள்ளலாம், ஆனால் வேண்டுமென்றே உதைத்து வலைக்குள் அனுப்பினால் கோல் இல்லை.

அவமதிப்பு என்ற குற்றச்சாட்டு உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. ஸெக்ரஸ் கோலுக்குப் பிறகு, இத்தகைய வித்தைகள் ஆட்டத்துக்கு நல்லதா என்று பயிற்சியாளர் ஜான் டார்ட்டரெல்லா வெளிப்படையாகவே ஐயம் தெரிவித்தார். நான் அவரோடு உடன்படவில்லை: கோல்கீப்பர் பனித்தரையோடு ஒட்டி இறங்கி, மேல் மூலை திறந்து கிடக்கும்போது இந்த ஷாட்டைத் தேர்ந்தெடுப்பது கணக்கிட்டுச் செய்யும் செயல். ஏழு கோல் முன்னிலையில் இருந்துகொண்டு அதையே செய்தால், உங்கள் அணியினர் சொல்வதில் நியாயம் உண்டு.

அடுத்த ஆட்டத்துக்கு முன், இரு அணித் தலைவர்களின் முன்னிலையில் நடுவரிடம் இந்த ஷாட்டைப் பற்றிக் கேட்டுவிடுங்கள். உங்கள் லீக் தனி விதி வைத்திருக்கலாம், அப்படியிருந்தால் அதுதான் செல்லும். பயிற்சியின்போது பிளேடில் ஒட்டும் பனித்துகளை அவ்வப்போது துடையுங்கள், பிளேடில் சுற்றிய டேப் ஈரமானால் பக் வழுக்கும். பக்கை ஏந்திய கணத்திலிருந்து மட்டை நிற்காமல் வளைந்து நகர்ந்தால்தான் பக் பிளேடோடு அழுந்தி நிற்கும். தடுப்பாட்டக்காரர் ஒரு மட்டை தூரத்துக்குள் வந்துவிட்டால் ஏந்துவதைக் கைவிட்டு, கோல் முன்னே நிற்கும் தோழருக்குப் பக்கைத் தரையோடு அனுப்பிவிடுங்கள்.