தட்டை உடல் மர விமானம்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

மழை ஓய்ந்து தை பிறந்ததும் கிளைடர், அதாவது எஞ்சின் இல்லாமல் காற்றில் சறுக்கிப் பறக்கும் விமானம் பற்றிய கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவை எல்லாமே தட்டை உடல் விமானங்களைப் பற்றியவை. அதாவது, உடலை உருண்டையாகச் செதுக்காமல், விமானத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் தெரியும் உருவத்தை ஒரே பலகையில் வெட்டி, அதில் இறக்கையையும் வாலையும் ஒட்டுகிற வகை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

உடல் வெறும் பலகையாக இருந்தால் எப்படிப் பறக்கும்? இது பொம்மைதானே? (வில்லியனூர், பிளஸ் டூ மாணவர்)

பறக்க வைப்பது இறக்கை, தம்பி. இறக்கையையும் வாலையும் சரியான தூரத்தில், சரியான கோணத்தில் பிடித்துக்கொண்டிருப்பதுதான் உடலின் வேலை. அதற்கு ஒரு குச்சி போதும். பிரான்சைச் சேர்ந்த அல்போன்ஸ் பெனோ 1871-இல் பாரிஸின் துய்லரி தோட்டத்தில் ரப்பர் முறுக்கில் பறக்கவிட்ட விமானத்துக்கும் உடல் ஒரு குச்சிதான். தானாகவே நிலையாகப் பறப்பது எப்படி என்று அந்தச் சின்னக் குச்சி விமானம் காட்டியது. இன்று நீ வெட்டுகிற பலகையும் அதே பாடத்தைத்தான் சொல்லித்தருகிறது. பொம்மை என்று ஒதுக்காதே.

பேத்திக்குச் செய்து தர ஆசை. பால்சா என்கிற இலேசான மரம் கிடைக்கவில்லை. நெட்டியோ கல்யாண முருங்கையோ ஆகுமா? அளவும் சொல்லுங்கள். (திருப்பாதிரிப்புலியூர்)

ஐயா, மாட்டுப் பொங்கலுக்கு மாலை கட்டுகிற நெட்டி இலேசுதான், ஆனால் வலு இல்லை. விரலால் அழுத்தினாலே பள்ளம் விழும். கல்யாண முருங்கையை நானே செய்து பார்த்திருக்கிறேன். 2011-இல் தானே புயலில் எங்கள் வேலியில் சாய்ந்த ஒரு கிளையை ஆறு மாதம் நிழலில் உலர்த்திச் சீவினேன். உடலுக்கு நன்றாகவே அமைந்தது; இறக்கைக்குக் கனம். அதனால் இறக்கைக்கும் வாலுக்கும் மட்டுமாவது பால்சா வாங்குங்கள். ஈக்வடாரிலிருந்து வருகிற மரம் என்பதால் மரக்கடையில் கேட்டுப் பயனில்லை. மாடல் விமானப் பொருள் விற்பவர்கள் தபாலில் அனுப்புகிறார்கள்.

வந்ததும் சமையல் தராசில் நிறுத்துப் பாருங்கள். 3 மி.மீ. கனம், 3 அங்குல அகலம், 36 அங்குல நீளமுள்ள பலகை 25 கிராம் பக்கம் இருந்தால் இறக்கைக்கு எடுங்கள். 35 கிராமைத் தாண்டினால் இறக்கைக்கு வேண்டாம்.

முதல் விமானத்துக்கு இந்த அளவு போதும். இறக்கை 40 செ.மீ. நீளம், 7.5 செ.மீ. அகலம். படுக்கை வால் 15-க்கு 5 செ.மீ., அதாவது இறக்கைப் பரப்பில் கால் பங்கு. நிமிர்ந்த வால் 25 முதல் 30 சதுர செ.மீ. உடல் 40 செ.மீ. நீளம், 6 மி.மீ. கனம். இறக்கையில் மரத்தின் நார் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் முதல் எறியிலேயே முறியும். இறக்கையை நடுவில் வெட்டி, சற்றே மேல்நோக்கி மடிந்த மாதிரி ஒட்டுங்கள். ஒரு பாதியை மேசையில் அழுத்திப் பிடித்தால் மறு முனை 4 செ.மீ. உயர்ந்து நிற்க வேண்டும். விமானம் ஒரு பக்கம் சாய்ந்து சறுக்கும்போது தாழ்ந்த பக்க இறக்கைக்குக் காற்று கூடுதல் தூக்கல் கொடுத்து நிமிர்த்திவிடும். இந்த மடிப்பு இல்லாவிட்டால் சாய்ந்தது சாய்ந்தபடியே போய் விழும்.

ஒட்டுவதற்கு முன் இறக்கையைத் தேய்க்கும் வேலை இருக்கிறது. அதைப் பேத்தியிடம் கொடுங்கள். முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கில் பென்சில் கோடு போட்டு, கோட்டை அழிக்காமல், மரக்கட்டையில் சுற்றிய 120-ஆம் நம்பர் உப்புத்தாளால் பின்பக்கமாகச் சரித்துத் தேய்க்க வேண்டும், பின்விளிம்பு 1 மி.மீ. ஆகும்வரை. முன்விளிம்பை உருட்டிவிட்டு 400-ஆம் நம்பர் தாளில் முடிக்கலாம். கண்ணை மூடி விரலை ஓட்டினால் மேடு பள்ளம் தெரியும். கண்ணைவிட விரல் நம்பகமானது. தூள் மூக்கில் ஏறாமல் ஒரு துணி கட்டிவிடுங்கள்.

மழைக்காலத்தில் ஒட்டினேன். இரண்டு நாளில் இறக்கை முறுக்கிக்கொண்டது. (அரியாங்குப்பம்)

ஐப்பசி, கார்த்திகையில் நம் கரையோரக் காற்றில் ஈரம் அதிகம். ஃபெவிகால் மாதிரித் தண்ணீர்ப் பசை காய நேரமெடுக்கும், அதுவரை மரமும் ஈரத்தைக் குடிக்கும். ஒட்டியதைச் சமதளமான பலகையில் கனம் வைத்து ஒரு முழு நாள் விடுங்கள். உடனே ஒட்டும் இன்ஸ்டன்ட் பசை ஈரத்தில் இன்னும் வேகமாகப் பிடிக்கும், ஆனால் திருத்த நேரம் தராது. பஞ்சு, பருத்தித் துணியில் அது பட்டால் சூடேறிச் சுடும். பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

முறுக்கிய இறக்கையைத் தூக்கிப் போடாதீர்கள். கொதிக்கும் பாத்திரத்தின் ஆவியில் சில நொடி காட்டி, எதிர்ப்பக்கமாகச் சற்று அதிகமாகவே முறுக்கி, ஆறும்வரை பிடித்திருங்கள். நேராகிவிடும்.

எறிந்தால் மேலே ஏறி, நின்று, மூக்குக் குத்தி விழுகிறது. (நெல்லிக்குப்பம், பாகூர், இன்னும் நான்கு பேர்)

எறிவதை நிறுத்திவிட்டு முதலில் விமானத்தைப் பாருங்கள். பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்து, இறக்கையும் வாலும் முறுக்கில்லாமல் இருக்கின்றனவா என்று தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம் எடை. இறக்கையின் அடியில், முன்விளிம்பிலிருந்து 2.5 செ.மீ. தள்ளி இரண்டு பக்கமும் விரல்நுனியை வைத்துத் தூக்குங்கள். மட்டமாக நிற்க வேண்டும். அநேகமாக வால் தாழும், ஏனென்றால் மூக்கில் எடை போதாது. பிள்ளைகள் விளையாடும் களிமண் நல்லது, பட்டாணி பட்டாணியாகக் கூட்டவும் கிள்ளவும் முடியும். ஒரு ரூபாய் நாணயம் 3 முதல் 4 கிராம். அதை ஒட்டினாலும் சரி. துறைமுகப் பக்கம் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு எளிதாகக் கிடைக்கும், ஆனால் தொட்டால் கை கழுவியே ஆக வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு நான் கொடுப்பதில்லை.

மட்டமாக நின்ற பிறகு, காற்றில்லாத நேரத்தில், தோள் உயரத்திலிருந்து, மூக்கு துளி கீழே பார்த்தபடி மெல்லத் தள்ளிவிடுங்கள். எறியக் கூடாது. 8 மீட்டர் நேராகச் சறுக்கினால் நல்ல விமானம். இன்னும் அலை மாதிரி ஏறி இறங்கினால் மூக்கில் ஒரு பட்டாணி கூட்டுங்கள், அல்லது படுக்கை வாலின் பின்விளிம்பை ஒரு மயிரிழை கீழே வளையுங்கள். நேரே தரையில் குத்தினால் இதற்கு எதிர்மாறு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இரண்டையும் சேர்த்துச் செய்தால் எது குணப்படுத்தியது என்று உங்களுக்கே தெரியாது.

மெதுவாக விட்டால் அழகாகப் போகிறது. வேகமாக எறிந்தால் தலைகீழாகச் சுற்றுகிறது! (முத்தியால்பேட்டை)

வேகம் இரண்டு மடங்கானால் தூக்கும் விசை நான்கு மடங்கு. இறக்கை வாலைவிட நிமிர்ந்த கோணத்தில் ஒட்டப்பட்டிருந்தால், வேகத்தில் அது மூக்கைத் தூக்கிக்கொண்டே போகும். இறக்கையும் வாலும் கிட்டத்தட்ட ஒரே கோணத்துக்கு வரட்டும். அப்புறம் நேராக எறியாதீர்கள். வலக்கைக்காரர் என்றால் விமானத்தை நன்றாக வலப்பக்கம் சாய்த்து எறிந்து, இடப்பக்கம் வட்டமிட்டு இறங்கும்படி நிமிர்ந்த வாலைத் துளி திருப்பி வையுங்கள். சுற்றவேண்டிய வேகம் உயரமாக மாறும்.

இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் போர் விமானம் ஸ்பிட்ஃபயர் மாதிரி உருவம் வெட்டலாமா? (மாணவி, கடலூர்)

வெட்டலாம், அம்மா. ஆனால் மூக்குப் பக்கம் பலகை அகலமானால், காற்று அதைத் தள்ளி விமானத்தைப் பக்கவாட்டில் திருப்பப் பார்க்கும். நிமிர்ந்த வாலை அசல் படத்தைவிடப் பெரிதாக வை. இறக்கை மடிப்பையும் கூட்டு. பெயின்ட் கனமாகப் பூசாதே. வாலில் ஒரு கிராம் ஏறினால் மூக்கில் அதைப்போல் சில மடங்கு வைக்க வேண்டிவரும். ஸ்கெட்ச் பேனாக் கோடுகளே அழகு.

எங்கே, எப்போது விடுவது?

விடிந்து ஒரு மணி நேரத்துக்குள். பகல் ஏறினால் கடல்காற்று எழும்பிவிடும். கடலூரில் மஞ்சக்குப்பம் மைதானம் நல்லது. தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை மணலில் விழுந்தால் அடிபடாது, ஆனால் உப்பு ஈரம் மரத்தில் ஏறும். வீட்டுக்கு வந்து உலர்ந்த துணியால் துடையுங்கள். புதுச்சேரிக்காரர்கள் லாஸ்பேட்டை விமான நிலையப் பக்கத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

இறக்கை முறிந்துவிட்டது. புதிது செய்யணுமா? (பண்ருட்டி)

வேண்டாம். முறிந்த முனைகளை வெட்டிச் சமமாக்காமல், பிளந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும்படி பசை தடவிச் சேருங்கள். அந்த ஒட்டு பழைய மரத்தைவிட உறுதியாக நிற்கும். காய்ந்ததும் மறுபடி அந்த 2.5 செ.மீ. இடத்தில் விரல் வைத்து எடையைப் பாருங்கள். பசையின் கனமும் கணக்கில் சேரும்.