கேளுங்க, சொல்றேன்: லா ஃபர்முக்கு சிவி அனுப்பப் போறீங்களா?

கேள்வி: அக்கா, நான் திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில அஞ்சு வருஷ கோர்ஸ், கடைசி வருஷம். சென்னையில பெரிய லா ஃபர்ம்ல சேரணும்னு ஆசை. ஆனா என்கிட்ட இருக்கிறதெல்லாம் பேங்க்குக்கு லீகல் ஒப்பீனியன் குடுக்கிற உள்ளூர் சிவில் வக்கீல் ஒருத்தர்கிட்ட பண்ண இன்டர்ன்ஷிப்தான். நேஷனல் லா யுனிவர்சிட்டி பசங்க சிவியில மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்றப் போட்டி), பப்ளிகேஷன்னு பக்கம் பக்கமா போகுது. நான் என்னத்த எழுத? என் சிவியும் இதோட வச்சிருக்கேன்.
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: பார்த்தேன்மா. அந்த இன்டர்ன்ஷிப்புக்கு ஒரே ஒரு வரி, 'லீகல் ரிசர்ச், டிராஃப்டிங் கத்துக்கிட்டேன்'னு, இதைத்தான் எல்லாரும் எழுதுறாங்க, படிக்கிறவங்க கண்ணு அதுல நிக்காது. அஞ்சு வருஷ கோர்ஸுக்கு 20 வாரம், மூணு வருஷ கோர்ஸுக்கு 12 வாரம் இன்டர்ன்ஷிப் கட்டாயம்னு பார் கவுன்சில் ரூலே இருக்கு, அதனால அது இல்லாத ஆளே கிடையாது, நீ அங்க உட்கார்ந்து என்ன பண்ணேங்கிறதைத்தான் பார்ப்பாங்க.

உன் சீனியர் பேங்க்குக்கு லீகல் ஒப்பீனியன் குடுக்கிறவர்னு லெட்டர்ல சொல்லியிருக்க, சிவியில அது எங்க? 30 வருஷத்துக்கு ஈசி (வில்லங்கச் சான்று) போட்டு, மூலப்பத்திரத்துல இருந்து ஒவ்வொரு பத்திரமா வரிசையா பார்த்து, பட்டா யார் பேர்ல நிக்குது, எந்த வாரிசு கையெழுத்து போடாம விட்டுப்போச்சுன்னு நோட் எடுத்திருப்பல்ல, பெரிய ஃபர்ம்ல ரியல் எஸ்டேட் டீம் டைட்டில் டியூ டிலிஜென்ஸ்னு பண்றதும் இதே வேலைதான். எத்தனை சொத்துக்குப் பார்த்த, பட்டியல் நீ போட்டியா இல்ல கூட உட்கார்ந்து பார்த்தியா, அதை எழுது. செக் பவுன்ஸ் கேஸும் அப்படித்தான். பேங்க்ல இருந்து செக் திரும்பின தகவல் வந்ததுல இருந்து 30 நாளைக்குள்ள நோட்டீஸ், அது எதிராளி கைக்குப் போனதுல இருந்து 15 நாள் டைம், அப்பவும் பணம் வரலைன்னா அடுத்த ஒரு மாசத்துக்குள்ள கம்ப்ளைன்ட்டுன்னு தேதி கணக்குப் போட்டு 138 நோட்டீஸ் (செக் பவுன்ஸுக்கான சட்டப் பிரிவு அது) டிராஃப்ட் பண்ணிருந்தா, 'டிராஃப்டிங் தெரியும்'னு போடாம இதையே போடு. இன்டர்வியூல கேட்டா தடுமாறாம சொல்ல முடியுற வேலை மட்டும் சிவியில இருந்தா போதும்.

ஒண்ணே ஒண்ணு, கட்சிக்காரர் பேரு, சர்வே நம்பர் எதுவும் வெளிய வரக்கூடாது. 'ஒரு தேசிய வங்கிக்காக'ன்னு நிறுத்திக்கோ. சீனியரோட கட்சிக்காரர் விஷயத்தை சிவியிலயே போட்டு உடைக்கிறவங்கள நம்பி எந்த பார்ட்னர் ஃபைலைக் கையில குடுப்பார்?

அப்புறம் அந்த கடைசிப் பக்கம்! அப்பா பேரு, மதம், கல்யாணம் ஆகலை, ஹாபி பாட்டு கேட்குறது, கீழ 'மேற்கண்டவை யாவும் உண்மை'ன்னு உறுதிமொழி, இடம், தேதி. பழைய பயோடேட்டா பழக்கம் இது, மொத்தமா தூக்கிடு. ரெண்டு பக்கத்துல முடிச்சுடலாம், ஒரு பக்கத்துல அடங்குனா இன்னும் நல்லது.

கேள்வி: கவர் லெட்டர் ஒண்ணை ரெடி பண்ணி ஃபர்ம் பேரை மட்டும் மாத்தி மாத்தி அனுப்பலாமா?
- ஒரு வாசகர், சேலம்

பதில்: அனுப்பலாம், மொத லைன்ல 'யுவர் எஸ்டீம்ட் ஃபர்ம்'னு பார்த்ததும் அவங்களுக்கும் அது தெரிஞ்சுடும். அதைவிடக் கொடுமை, பேரை மாத்த மறந்து ஒரு ஃபர்முக்குப் போற லெட்டர்ல இன்னொரு ஃபர்ம் பேரு நிக்கிறது. அக்ரிமென்ட்ல பார்ட்டி பேரை மாத்திப் போடுற ஆளுன்னுதான் நினைப்பாங்க.

முதல் பத்தியில நீ யாரு, எந்த வேலைக்கு, எப்ப இருந்து சேர முடியும். ரெண்டாவது பத்திக்குத்தான் மண்டையை உடைக்கணும், ஏன் இந்த ஃபர்ம், அதுலயும் எந்த டீம். உதாரணத்துக்கு இன்சால்வென்சி, அதாவது திவால் கேஸ், பிடிக்கும்னா, 2016 திவால் சட்டத்தைப் புகழ்ந்து பாடாத, சென்னையில என்சிஎல்டி (கம்பெனி திவால் கேஸைக் கேட்கிற தீர்ப்பாயம்) பெஞ்ச் இருக்கு, தென் மாநில அப்பீலைக் கேட்க என்சிஎல்ஏடி (அதோட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம்) பெஞ்சும் சென்னையிலயே இருக்கு, அங்க அந்த ஃபர்ம் ஆஜரான ஒரு தீர்ப்பை எடுத்து உண்மையிலேயே படிச்சு அதுல உனக்கு எது உறுத்துச்சுன்னு ரெண்டு வரி எழுது. அந்த ரெண்டு வரியைக் காப்பி அடிக்க முடியாது. மூணாவது பத்தி, சிவியில இருக்கிற ஒரே ஒரு வேலையை எடுத்து அந்த டீமுக்கு அது எப்படி உதவும்னு சொல்லி நிறுத்திடு, மொத்த சிவியையும் திரும்ப ஒப்பிக்காத.

கேள்வி: மேடம், எனக்கு ரெண்டு அரியர் இருந்து கிளியர் பண்ணிட்டேன். அதைச் சொல்லணுமா? பேருக்கு முன்னாடி 'அட்வகேட்'னு போட்டுக்கலாமா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: கிளியர் ஆன அரியரை நீங்களா போய் சொல்ல வேண்டியதில்லை, கேட்டா மறைக்காதீங்க. மார்க் சதவீதத்தை ஏத்திப் போடுற வேலை மட்டும் வேண்டாம், சேரும்போது மார்க்ஷீட் கேப்பாங்க. பார் கவுன்சில்ல பேரைப் பதிஞ்சு என்ரோல்மென்ட் ஆகுற வரைக்கும் 'அட்வகேட்' கிடையாது (வண்டியில ஸ்டிக்கர் ஏற்கனவே ஒட்டியிருந்தா அதையும் கிழிச்சிடுங்க). 'கடைசி வருஷ மாணவர், இன்ன மாசம் என்ரோல் பண்ண இருக்கேன்'னு போடுங்க. முடிச்சிட்டீங்கன்னா என்ரோல்மென்ட் நம்பர், ஆல் இந்தியா பார் எக்ஸாம் எழுதியாச்சா இல்லையா, ரெண்டையும் ஒரே வரியில எழுதிடுங்க. ஃபைலை வேர்ட்ல அனுப்பாம பிடிஎஃப்பா மாத்தி, 'நியூ சிவி ஃபைனல் 3'ன்னு இல்லாம உங்க பேர்லயே சேவ் பண்ணி அனுப்புங்க.