தமுவில் நின்ற கதை

அன்புள்ள எழுத்தாளருக்கு,

எங்கள் ஐயா (அப்பாவைப் பெற்றவர்) பர்மாவில் பெகு நகரத்து செட்டியார் வட்டிக்கடை ஒன்றில் அடுத்தாளாக (மேலாளுக்கு அடுத்த நிலை ஊழியராக) இருந்தவர். ஜப்பானியர் படையெடுத்த 1942இல் நடந்தே ஊர் வந்து சேர்ந்தார். 1970களில் அதை நாவலாக எழுதத் தொடங்கி, பதினோரு அத்தியாயங்களோடு நிறுத்திவிட்டார். 1991இல் காலமானார். இரண்டு நோட்டுகளும் குண்டூசி குத்திய உதிரித் தாள்களும் என்னிடம் இருக்கின்றன. கதை இதுதான்: கடையின் மேலாள் (முதலாளிக்காகக் கடையை நடத்துபவர்) இந்திய எல்லையோர ஊரான தமுவில் வாந்திபேதியில் இறக்கிறார். பேரேட்டையும் புரோநோட்டுகளையும் ஊர் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பு இளம் அடுத்தாள் தலையில் விழுகிறது. அங்கே நிற்கிறது. கடைசித் தாளில், "பேரேடு வீடு வந்து சேருகிறது. முதலாளி கண்ணீர். சுபம்" என்று ஒரு குறிப்பு மட்டும். நான் சில சிறுகதைகள் எழுதியிருக்கிறேன். பன்னிரண்டாம் அத்தியாயத்தை எடுத்தால் நகர மறுக்கிறது. ஒரு வரியையும் மாற்றக்கூடாது என்கிறார் சித்தப்பா. ஏழாம் அத்தியாயத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். இதை எப்படிக் கையில் எடுப்பது?

ஒரு வாசகி, காரைக்குடி

அன்புள்ள வாசகிக்கு,

பன்னிரண்டாம் அத்தியாயத்தை எழுதாதீர்கள். உங்கள் ஐயாவுக்கு அதை எழுதப் பல ஆண்டுகள் இருந்தன, ஆனாலும் எழுதவில்லை. மரணம் அந்தக் கதையை நிறுத்தவில்லை. எது நிறுத்தியது என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் முதல் வேலை.

என் ஊகம் இது. 1930இன் நெல் விலைவீழ்ச்சிக்குப் பிறகு கடனைத் திருப்ப முடியாத விவசாயிகளின் நிலங்கள் வட்டிக்கடைகளுக்கு வந்தன. 1930களின் இறுதியில் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்பங்கு நிலம் செட்டியார் கடைகளின் பேரில் இருந்தது. அடுத்தாள் சுமந்து வரும் பேரேட்டில் இருப்பது அந்த நிலம்தான். 1948இல் பர்மா நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. 1964இல் எஞ்சியிருந்த கடைகளும் போயின. 1970களில் செட்டிநாட்டில் உட்கார்ந்து எழுதியவருக்கு அந்தப் பேரேட்டின் மதிப்பு என்னவென்று தெரியும். மேலாளின் உயிரைவிட மேலாகச் சுமந்து வந்த ஒன்று வெறும் காகிதமாகப் போனதை அறிந்தவரால் "சுபம்" என்று குறிப்புதான் எழுத முடிந்தது, அத்தியாயம் எழுத முடியவில்லை. அவர் விட்டுப்போன கதைக்கரு அந்த முடியாமைதான். நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதும் அதுதான்.

ஆனால் எழுதுவதற்கு முன்னால் தாள்களைக் காப்பாற்றுங்கள். உதிரித் தாள்களை வரிசைப்படுத்த ஆசை வரும், வேண்டாம். இப்போது எப்படி இருக்கின்றனவோ அப்படியே ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலால் எண் போடுங்கள். எது எதோடு குத்தப்பட்டிருந்தது என்று எழுதி வைத்த பிறகுதான் குண்டூசியைத் தொட வேண்டும். துரு தாளோடு ஒட்டியிருந்தால் வெடுக்கென்று இழுத்தால் கிழியும். மெல்லிய பிளாஸ்டிக் துண்டை ஊசிக்கும் தாளுக்கும் நடுவே செருகி, மெதுவாக நெகிழ்த்தி எடுங்கள். செல்லோடேப்பும் லாமினேஷனும் கூடவே கூடாது. இரண்டும் தாளைப் பாழாக்கும், லாமினேஷனைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. ஜன்னலோர வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் எல்லாப் பக்கங்களையும் படமெடுங்கள், வெற்றுப் பக்கங்களையும் அட்டையின் உட்புறத்தையும் சேர்த்து. கணக்கெழுதிப் பழகியவர்கள் முக்கியமானதை அட்டையில்தான் குறித்திருப்பார்கள்.

பிறகு தட்டச்சு. பிழை, அடித்தல், இடைச்செருகல் எதையும் திருத்தாமல் அப்படியே. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய கையெழுத்து என்பதால் ணா, றா, னா, லை, னை ஆகியவை வேறு வடிவில் இருக்கும். முதல் பத்துப் பக்கம் தடுமாறுவீர்கள். கிறுக்கல் போலத் தோன்றும் சுழிகள் கணக்குக் குறிகள்: ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௶ பற்று, ௷ வரவு, ௹ ரூபாய். அனுப்பிய படத்தின் ஓரத்தில் "விஷு௵ பங்குனி௴" என்று தெளிவாகவே இருக்கிறது. அது 1942 மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை.

இந்தத் தேதி ஒரு சிக்கலை வெளிக்கொண்டு வருகிறது. ஏழாம் அத்தியாயத்தில் ஒரே நாளில் ஒரு குவளைத் தண்ணீருக்குச் சண்டை நடக்கிறது, மாலையில் சேற்றில் கால் புதைந்து அட்டை கடிக்கிறது. பங்குனியில் அந்த மலைப்பாதையில் புழுதியும் தாகமும் வாந்திபேதியும்தான். சேறும் அட்டையும் மே நடுவுக்குப் பின், அடுத்த தமிழ் வருடமான சித்திரபானுவின் வைகாசியில் நடந்தவர்களுடையவை. ஆக, இரண்டு பேருடைய நினைவு ஒரே பக்கத்தில் கலந்திருக்கிறது. ஊர் திரும்பிய பிறகு பர்மாக்காரர்கள் திண்ணைகளில் பேசிப் பேசி ஒருவர் பாடு மற்றவருடையதாகிவிட்டிருக்கும். அதே அத்தியாயத்தில் ரங்கூனில் நேதாஜி பேச்சைக் கேட்டுவிட்டுக் கிளம்பியதாகவும் வருகிறது. ரங்கூன் விழுந்தது 1942 மார்ச் 8. நேதாஜி சிங்கப்பூர் வந்ததே 1943 ஜூலையில். நடந்து வந்தவர் அதைக் கேட்டிருக்க வழியில்லை.

இவற்றைப் பிழையென்று அழிக்காதீர்கள். தட்டச்சுப் பிரதியில் மூன்று நிறப் பென்சில்களால் கோடிடுங்கள்: அவர் கண்டது, கேட்டது, கற்பனை செய்தது. கண்டதை எப்படி அறிவது? கண்டவை சின்னதாகவும் கதைக்குத் தேவையில்லாமலும் இருக்கும். மேலாளின் செருப்பு வார் அறுந்து சணலால் கட்டியது, பெட்டியடிப் பையன் (கடையின் எடுபிடி) உப்பை வேட்டி முனையில் முடிந்துகொண்டது, இவை எங்கிருந்தும் கேட்டு எழுதியவை அல்ல. இந்த நிறத்தில் வருபவை முழுவதும் உங்கள் நாவலுக்குள் போகலாம். கேட்டவை வேறு பாத்திரங்களின் வாய்க்குப் போகட்டும். கற்பனையில் பெரும்பகுதி அந்தக் காலத் தொடர்கதைகளின் பழக்கம், அதை விட்டுவிடலாம்.

வழியையும் சரிபாருங்கள். மாந்தலே, மோனிவா, சிந்த்வின் ஆற்றங்கரையில் கலேவா, அங்கிருந்து கபாவ் பள்ளத்தாக்கு வழியே தமு, மலை கடந்து பலேல், இம்பால், பிறகு திமாப்பூரில் ரயில். பல்லாயிரம் பேர் போன இன்னொரு வழி மேற்கே தவுங்கப் கணவாய் தாண்டிக் கடலோர அக்யாப், அங்கிருந்து சிட்டகாங். நோட்டில் எங்காவது கடல் வந்தால் அது அந்த வழியில் போனவர் சொன்னது. பணம் ரூபாய்தான், கியாட் 1952இல் வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வெ. சாமிநாத சர்மாவின் 'எனது பர்மா வழி நடைப் பயணம்' கையில் இருக்கட்டும். அவரும் அந்த ஆண்டு நடந்தவர். தகவலுக்காகப் படியுங்கள், அவருடைய காட்சிகள் உங்கள் ஐயாவின் காட்சிகளுக்குள் நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படி எடுத்தெழுதப்படும் கதைகள் பெரும்பாலும் மரியாதையால் சாகின்றன. தாத்தாதான் நாயகன் என்று ஆனதும் அவர் தவறே செய்யாதவராகிவிடுகிறார், தவறு செய்யாதவரைச் சுற்றி நாவல் நகராது. உங்களுக்கு நகராததற்குக் காரணமும் இதுதான் என்று நினைக்கிறேன். அடுத்தாளுக்கு வேறொரு பெயர், வேறொரு குடும்பம், ஐயாவுக்கு இல்லாத ஒரு பலவீனம் கொடுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் சுருக்கத்தில் பெயருள்ள ஒரு பர்மியர்கூட இல்லை. பேரேட்டின் ஒவ்வொரு பக்கமும் ஒரு பர்மிய விவசாயியின் பெயரில் திறக்கிறதே, அவர்களில் ஒருவரையாவது அடுத்தாளுக்கு முகம் தெரிந்திருக்க வேண்டும். தமுவில் உட்கார்ந்து எதைத் தூக்குவது, எதைப் போடுவது என்று அவன் பார்க்கும்போது அந்த முகம் அங்கே வரட்டும். ஐயாவின் தலைமுறையால் எழுத முடியாத பக்கம் அது. உங்களால் முடியும்.

நடை விஷயத்தில் அவரைப் போல எழுத முயல வேண்டாம். விவரிப்பு பொருந்தினாலும் உரையாடல் காட்டிக்கொடுத்துவிடும். முதல் வரியிலிருந்து உங்கள் மொழியில் புதிதாகத் தொடங்குங்கள், தமுவிலேயே தொடங்கலாம். அவருடைய நோட்டு திருத்தப்படாமல் தனியாக இருக்கும். சித்தப்பாவின் கவலைக்கு அதுதான் பதில்: நோட்டில் ஒரு வரியும் மாறாது, நாவல் வேறு.

உரிமையைப் பற்றி. கதைக்கருவுக்குப் பதிப்புரிமை இல்லை, எழுதிய வாக்கியங்களுக்கு உண்டு. வெளியாகாத கையெழுத்துப் பிரதி என்பதால், இந்தியச் சட்டப்படி முதல் வெளியீட்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள் அது செல்லும். உயில் இல்லையென்றால் உரிமை வாரிசுகள் எல்லோருக்கும் பொது. ஆகவே ஐயாவின் வாக்கியங்கள் ஒரு பத்தி அளவுக்கேனும் நாவலில் வருமானால் சித்தப்பா, அத்தைகள் உட்பட எல்லோரிடமும் கையெழுத்திட்ட ஒப்புதல் வாங்குங்கள். உரிமையையே உங்கள் பேருக்கு மாற்றி எழுதுவதானால் காலத்தையும் எல்லையையும் அதில் குறிப்பிட வேண்டும். குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இந்தியாவுக்குள் மட்டும் என்றே சட்டம் கொள்ளும். அட்டையில் உங்கள் பெயர் மட்டும் போதும். முன்னுரையில் எந்தக் காட்சிகள் ஐயாவின் நோட்டிலிருந்து வந்தவை என்று பக்க எண்ணோடு எழுதுங்கள். ஒப்புதல் கேட்கப் போகும்போது தட்டச்சுப் பிரதியை ஆளுக்கொன்றாக எடுத்துப் போங்கள். அத்தைகளில் மூத்தவரிடம் முதலில் படிக்கக் கொடுங்கள், சேறும் அட்டையும் யார் சொன்ன கதை என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம்.